ஞானராஜ் கை விளங்காமல் போகட்டும் என்று செபித்தேன்

அன்புள்ள சகோதர சகோதரிகளே, கோவிலில் நின்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு செபத்தை நான் ஆறு மாதம் செய்தேன். "ஆண்டவரே, ஞானராஜ் கை விளங்காமல் போகட்டும்." காலையிலும் மாலையிலும் இதைத்தான் கேட்டேன். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவன் பெயரைச் சொல்லி உருட்டிய நாட்களும் உண்டு. அந்தச் செபம் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1991, தவக்காலம். ஒரகடம் தாண்டி ஒரு சிறிய கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். படப்பையிலிருந்து சைக்கிளில் போவேன். சூப்பர்வைசர் ஞானராஜ் எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவன்தான். மெஷினுக்குள் கை போகாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதை மாட்டினால் வேலை மெதுவாகும். அவசர ஆர்டர் வந்தபோது, "அத்த கழட்டிட்டு ஓட்டு சவரி, நான் பாத்துக்கறேன்" என்றான். கழற்றினேன். மூன்றாம் நாள் என் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விரல் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். கம்பெனி விசாரணையில் அவன், "குடிச்சிட்டு வந்து அவனே கழட்டிட்டான் சார்" என்றான். என் வாழ்நாளில் நான் குடித்தவனில்லை. வேலை போயிற்று. ஊரும் அவனைத்தான் நம்பியது. என் மனைவி விக்டோரியாவின் அண்ணன் வீடு தேடி வந்து, "இன்னா மாப்ள, குட்ச்சிருந்தா குட்ச்சேன்னு சொல்லிட்டுப் போயேன், பொய்யி இன்னாத்துக்கு?" என்றார். அன்று நான் அழுதேன். அன்றுதான் அந்தச் செபத்தையும் ஆரம்பித்தேன்.

எங்கள் பங்கில் ஆண்களுக்கென்று ஒரு சேவைக் குழு இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் இருவர் இருவராக நோயாளிகள் வீட்டுக்குப் போவார்கள். குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள், யாராவது இறந்தால் பெட்டி தூக்குவார்கள். ஞானராஜ் அதன் செயலாளர். தோளில் நீலப் பட்டை போட்டுக்கொண்டு அவன் நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். சேவை செய்ய அல்ல. பங்குத் திருவிழாவன்று புதிதாகச் சேர்ந்தவர்கள் பீடத்துக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் சேர்ந்தேன். கையைத் தூக்கிக் காட்டி, ஊர் முழுக்கப் பார்க்க அவன் மானத்தை வாங்க வேண்டும். சேரும்போது வேதாகமத்தில் கை வைத்து ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: நோயாளி வீட்டில் கண்டதும் கேட்டதும் அந்த வாசலைத் தாண்டி வெளியே போகாது. என் நினைப்பெல்லாம் திருவிழாவில் இருந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். ஞானராஜ் பக்கத்தில்தான் நின்றான், தலையை நிமிர்த்தவேயில்லை.

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், வாய், மூன்றும் போய்விட்டன. ஏன் மறைக்க வேண்டும், செய்தி கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். விக்டோரியாவிடம் கறி எடுத்துச் சமைக்கச் சொன்னேன். "ஒரு மனுசன் வுழுந்து கெடக்கறாரு, ஒனக்குக் கறி கேக்குதா?" என்று கேட்டுவிட்டு ரசம் வைத்தாள்.

ஆனால் திருவிழாவில் என்னால் பேச முடியவில்லை. படுத்துக் கிடப்பவனைக் குற்றம் சொன்னால் ஊர் என் மேல்தான் காறித் துப்பும். "எனக்காகச் செபியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். கேட்டதைக் கொடுத்து ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு குழுத் தலைவர் அந்தோணிசாமி அண்ணன், "சவரி, நம்ம ரெண்டு பேருக்கும் ஞானராஜ் வூடு" என்றார். ஆசையாகப் போனேன், வேடிக்கை பார்க்க. ஞானராஜின் மனைவி ஆரோக்கியமேரி கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். வேண்டுமென்றே வலது கையால் ஊட்டினேன். விரல் இல்லாத இடம் அவன் கண்ணுக்கு நேராக வரும்படி கரண்டியைப் பிடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ணத் தொறந்து சாப்புடு" என்றேன். நான்கு ஞாயிறு இப்படியே போயிற்று. வாயோரம் வழிவதைத் துடைப்பதும் என் வேலைதான். துடைத்துத் துடைத்து, அவன் குழறுவது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஐந்தாம் ஞாயிறு அவன் கஞ்சி வேண்டாமென்று தலையைத் திருப்பினான். என் கையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னான். "நான்தான்... கழட்டச் சொன்னேன்... நீ குடிக்கல." ஆரோக்கியமேரி காதிலும் அது விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

நான் வெளியே ஓடினேன். அந்தோணிசாமி அண்ணன் அடிபம்பில் ஞானராஜின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அவன் ஒத்துக்கினான்" என்று ஆரம்பித்தேன். அவர் ஈரக் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "எங்கிட்டக்கூட சொல்லாத. உள்ள கேட்டத உள்ளயே வெச்சிட்டு வா. சத்தியம் பண்ணிக்கீற." வீடு வரை சைக்கிளில் அழுதுகொண்டே போனேன். ஆண்டவரைத் திட்டினேன். என் நியாயத்தை என் காதில் போட்டுவிட்டு என் வாயைக் கட்டிவிட்டீரே என்று கத்தினேன். சத்தியத்தை மீறிவிடலாமா என்றும் பல தடவை யோசித்தேன். அப்படியும் அடுத்தடுத்த ஞாயிறு ஊட்டப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஞானராஜ் கோவிலுக்குப் போக வேண்டுமென்று அடம் பிடித்தான். நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தோம், நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்தேன். பூசை முடிந்ததும் அவன் இடது கையைத் தூக்கினான். பங்குச் சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். அவன் சொன்னான். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை. சாமியார் என்னைப் பார்த்தார். "சவரிமுத்து, நீதானே ஊட்டுற. என்ன சொல்றார்?"

சகோதரர்களே, நான் காத்திருந்த நேரம் அது. ஊர் முழுக்க இருந்தது. என் மச்சானும் இருந்தார். அவனே வாய் திறந்துவிட்டான், இனி என் சத்தியமும் தடையில்லை. நான், "எல்லாரும் தனக்காக செபிக்கணும்னு கேக்கறாரு சாமி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. நான் சொன்னால் இட்டுக்கட்டிச் சொல்கிறான் என்பார்கள் என்ற பயமோ என்னவோ. நல்லவனாகிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அப்போதும் எனக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஞானராஜ் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டி நாற்காலியைத் தட்டினான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி எழுந்தார். "அவரு அத்த கேக்கல சாமி. தடுப்ப கழட்டச் சொன்னது நான்தான், சவரி குடிக்கல, வேலைக்கு பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்னு சொல்றாரு. இத்தத்தான் வாராவாரம் சொல்லிக்கினு இருந்தாரு. நான்தான் மானத்துக்கு பயந்து வாய மூடிக்கினு இருந்தேன்."

என் மச்சான் எல்லோர் முன்னாலும் வந்து என் கையைப் பிடித்தார். ஞானராஜ் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. பழைய வேலை கிடைக்கவில்லை. அந்தோணிசாமி அண்ணன் தன் சைக்கிள் கடையில் சேர்த்துக்கொண்டார். ஆண்டவருக்கு நன்றி.

முழுதாக மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். சில நாள் மன்னித்திருக்கிறேன். சில நாள் இல்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. உங்களில் யாராவது ஒருவன் பெயரைச் சொல்லி, அவன் நாசமாய்ப் போக வேண்டுமென்று மண்டியிட்டுக்கொண்டிருக்கலாம். ஆண்டவரிடம் அதை மறைக்காதீர்கள், உள்ளதை உள்ளபடியே கேளுங்கள். அவர் காதில் விழும். பிறகு ஒருநாள் உங்கள் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்து அவன் வீட்டுக்கே அனுப்புவார். அப்போது போகாமல் இருந்துவிடாதீர்கள்.