ழகரம் தந்த இரண்டாவது குரல்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் என் தொண்டைக்குள் இரண்டு குரல்கள் இருப்பது எனக்குத் தெரிய வந்தது. அதுவரை இருந்த ஒரு குரலையே யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. மலாயாவில், பாலோ என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலைகளில் ஒன்று. அதற்கு என் கரகரத்த தொண்டை பொருத்தமாகவே இருந்தது. தோட்டத்துக் கோயிலில் நடக்கும் சனிக்கிழமை பஜனைக்குத்தான் பொருந்தவில்லை. பஜனையை நடத்திய பெரிய கங்காணி என் கையில் ஒரு ஜோடித் தாளத்தைக் கொடுத்து, "கிராணியாரே, நீங்க இதப் போடுங்க, போதும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். தாளம் போடுகிறவன் பாடவும் வேண்டியதில்லை என்பது அந்த மரியாதைக்குள் இருந்த செய்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலோ ரயில் நிலையத்துக்கு எதிரே கூட்டம் கூடியிருந்தது. நடுவில் பாய் விரித்து, களிம்பு டப்பாக்களையும் ஒட்டுப் பிளாஸ்திரிகளையும் பரப்பிக்கொண்டு ஒரு மருந்து விற்பவன் உட்கார்ந்திருந்தான். அகன்ற முகம், இடுங்கிய கண்கள். சீனத்துக்கும் வடக்கே, குதிரைகள் மேயும் புல்வெளி நாட்டிலிருந்து வந்தவன் என்று பக்கத்தில் நின்ற கடைக்காரர் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, மண்ணெண்ணெய் டின்னுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி உறுமினான். சற்று நேரத்தில் அந்த உறுமலுக்கு மேலே மெல்லியதாக ஒரு புல்லாங்குழல் கேட்டது. ஏறியது, இறங்கியது, வளைந்து போயிற்று. உறுமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

குழல் ஊதுகிறவனைத் தேடி நான் அவன் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கூட்டம் சிரித்தது. அவன் பாட்டை நிறுத்தி, "பூக்கான் சூலிங். முலுட்!" என்றான். குழல் இல்லை, வாய் என்று மலாயில் சொல்கிறான். வாயை அகலத் திறந்தும் காட்டினான். எல்லாருடைய வாயையும் போலத்தான் இருந்தது.

பிளாஸ்திரி ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். கூட்டம் கலைந்ததும், எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டேன். "சேனாங், சேனாங்" என்றான். சுலபம், சுலபம் என்று அர்த்தம். சுலபம் என்று சொல்லிக்கொடுக்கிறவர்களைப் போல மனிதனை நோகடிக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

மழைக்காலமாகையால் அவன் பாலோவிலேயே தங்கிவிட்டான். நானும் ஞாயிறுதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கடைத் தாழ்வாரத்தில் என்னை எதிரே உட்காரவைத்து, வயிற்றில் குத்தி உறுமச் சொன்னான். உறுமல் எனக்கு எளிதாக வந்துவிட்டது. அதற்காகவே பிறந்த தொண்டை. ஆனால் மேலே கேட்க வேண்டிய குழல் வரவே இல்லை. நாக்கை எப்படி வைக்க வேண்டும் என்று காட்ட, உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து விரல்களைப் பின்னால் மடக்கிக் காட்டினான். நானும் நாக்கை மடக்கினேன். எச்சில்தான் வந்தது.

வீட்டில் குளியலறையில்தான் பழகினேன். தகரக் கூரை என்பதால் குரல் நன்றாகத் திரும்பி வரும். முதல் நாளே கதவைத் தட்டினாள் என் மனைவி.

"ஏங்க, வயித்து வலியா?"

"இல்ல. பாடுறேன்."

"பாட்டா? நான் கசாயத்துக்குத் தண்ணி வச்சிட்டேனே!"

"அத நீயே குடி."

பக்கத்து வீட்டு ஆடு மட்டும் எனக்குப் பதில் குரல் கொடுத்து ஆதரித்தது.

மழை விட்டதும் மருந்துக்காரன் மூட்டையைக் கட்டிவிட்டான். யோங் பெங் போய், அங்கிருந்து பொந்தியான் பக்கம் போவதாகச் சொன்னான். பஸ் ஏறும்போதும் "சேனாங்" என்றுதான் சொன்னான். எனக்கு மிஞ்சியது உறுமல் மட்டும்.

அதற்கும் சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, சந்தையிலிருந்து ஒரு சீப்பு வாங்கி வந்து, "வாளப்பளம் வாங்கியாந்திருக்கேன்" என்றேன். என் மனைவி தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் நாக்கோடு அவளுக்குச் சண்டை.

"பளம் வேணாம். பழம் இருந்தாக் குடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். தின்னா இனிக்கும்."

அன்று அவள் விடுவதாக இல்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எதிரே நின்றாள். "இங்க பாருங்க. நாக்கு இப்படி மேல போயி, பின்னால மடங்கணும். ஆனா எங்கயும் முட்டக் கூடாது. முட்டுனா ள. முட்டலன்னா ழ." சொல்லிக்கொண்டே உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, விரல்களைப் பின்னால் மடக்கிக் காட்டினாள்.

நான் அந்தக் கையையே பார்த்தேன். பாலோ கடைத் தாழ்வாரத்தில் பார்த்த அதே கை.

"இன்னொரு தடவ காட்டு."

காட்டினாள். நாக்கை மடக்கினேன், முட்டாமல் நிறுத்தினேன். பழைய உறுமலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, "ழ்ழ்ழ்" என்று அப்படியே இழுத்துப் பிடித்தேன்.

அவள் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "யாரு அது, விளக்கு வைக்கிற நேரத்துல சீட்டி அடிக்கிறது?"

நான் நிறுத்தவில்லை. உதட்டைக் கொஞ்சம் குவித்தேன், சீட்டி இறங்கியது. விரித்தேன், ஏறியது. அவள் மெதுவாகத் திரும்பி வந்து என் வாயருகே காதை வைத்தாள். "ஐயோ, உங்க வாய்லேர்ந்தா வருது!" என்றவள், சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குப் பழத்தை யாரும் உரிக்கவில்லை.

இதில் ஒரு பக்க விளைவும் இருந்தது. மறுநாள் பெரட்டில், "மழை வரும் போலிருக்கு, சீக்கிரம் பால் வெட்டுக்குப் போங்க" என்றேன். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அந்தத் தோட்டத்தில் எனக்கு 'மள'தான் பெய்துகொண்டிருந்தது.

பஜனைக்குத் துணிச்சல் வரச் சில காலம் பிடித்தது. ஒரு சனிக்கிழமை, பெரிய கங்காணி ஆர்மோனியத்தில் சுருதி பிடித்ததும், தாளத்தை மடியில் வைத்துவிட்டு அதோடு சேர்ந்து மெல்ல உறுமினேன். சீட்டி கோயில் கூரைக்கடியில் மிதந்தது. ஆர்மோனியம் நின்றது.

"யாருடா அது, சாமி முன்னால சீட்டி அடிக்கிறது?"

எல்லாரும் பின்வரிசை இளவட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கையை விரித்தார்கள். மறுபடி பாட்டு ஆரம்பித்தது, மறுபடி சீட்டி. கங்காணி ஆள் அனுப்பிக் கோயிலுக்குப் பின்னால் தேடச் சொன்னார். ஓர் அம்மாள் சாமி வந்திருப்பதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாம்பு கூட இப்படிச் சீட்டி அடிக்கும் என்று யாரோ சொல்ல, மிருதங்கக்காரர் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு பேர் கம்போடு வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

கம்பு என் காலருகே வந்ததும் ஒப்புக்கொண்டேன். "கங்காணியாரே, நான்தான்."

"கிராணியாரே, உங்களுக்குத் தாளமே நேரா வராது. விளையாடாதீங்க."

உட்கார்ந்தபடியே செய்து காட்டினேன். கம்போடு வந்தவர்கள் கம்பைக் கீழே போட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அலமாக்! கிராணிக்கு ரெண்டு தொண்டை லா!" என்று வியந்தது.

கங்காணி விளக்கைக் கொண்டுவரச் சொல்லி என் வாயைத் திறக்க வைத்துப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் கன்னத்துக்குள் விரலையும் விட்டுத் துழாவினார். வெற்றிலை வாசனை அடித்தது. பிறகு துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "கோயில்ல சீட்டி கூடாது. ஆனா இது சீட்டி இல்ல. என்னன்னுதான் தெரியல. கடைசிப் பாட்டுக்கு மட்டும் வச்சுக்குவோம்."

அதன்பின் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கொஞ்ச நாளைக்கு எங்கு பார்த்தாலும் 'ழ்ழ்ழ்' என்ற சத்தம்தான். பெரிய கங்காணியே ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். நான் "சுலபம், சுலபம்" என்றேன். அவருக்கு முன்பற்கள் இல்லை. காற்றெல்லாம் அந்த வழியாக வெளியேறியது. என் மனைவி என்னை ஒதுக்கிவிட்டுத் தானே பாடம் எடுத்தாள். "பழம் சொல்லுங்க, அண்ணே." "பயம்." "பழம்." "பயம், தங்கச்சி, பயமாத்தான் இருக்கு" என்று எழுந்துகொண்டார்.

மருந்துக்காரனை நான் மறுபடி பார்க்கவில்லை. யோங் பெங்கிலும் பொந்தியானிலும் விசாரித்துப் பார்த்தேன். அப்படிப் பாடியவனை எல்லாருக்கும் நினைவிருந்தது. போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

கங்காணி அதற்கப்புறம் கற்றுக்கொள்ளக் கேட்கவில்லை. கடைசிப் பாட்டு வந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பார். தன் பாட்டை நிறுத்திவிட்டு, எனக்காக ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் மூச்சு விடும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.