அம்மா ட்யூப் எங்கே?

தனலட்சுமி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் லேப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தபோது, நான் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட இருந்தேன். மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம்தான் கையசைத்துவிட்டுத் தொம்மலூர் வீட்டுக்குப் பஸ் பிடித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்படியா சொல்லாமல் போவது!

அவரோடு வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கருவிலிருக்கும் குழந்தைக்குக் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறதா என்று, பனிக்குட நீரிலிருந்து டிஎன்ஏ பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஊசி போகிற வழியில் தாயின் ரத்தம் கலந்துவிட்டால், மெஷின் குழந்தையை விட்டுவிட்டுத் தாயைப் படித்துவிடும். அதனால் தாயின் ரத்தத்தையும் தனி ட்யூபில் வாங்கி ஒப்பிட வேண்டும். எந்தச் சாம்பிள் வந்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "அம்மா எங்க?" திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி கேட்கிறார் என்று கேலி செய்வோம்.

ஒருமுறை, சந்தாபுராவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பனிக்குட நீர் லேசாகச் சிவந்திருந்தது. அம்மா ட்யூப் வரவில்லை. ரிசல்ட் நார்மல். வெளியே அந்தப் பெண் அழுதபடி காத்திருந்தார். கொடுத்து அனுப்பிவிடலாம் என்றேன்.

"ஸ்வல்ப இரு," என்றார் அக்கா. பெங்களூரிலேயே பிறந்தவர், 'கொஞ்சம் இரு' என்பதைக்கூடக் கன்னடம் கலக்காமல் சொல்ல வராது. "நல்ல சேதி சொல்லணும்னு அவசரப்படறே. கெட்ட ரிசல்ட்டுன்னா நீயே ரெண்டு தடவை பார்ப்பே."

தாயின் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். இரண்டும் அச்சு அசல் ஒன்று. குழந்தையை நாங்கள் பார்க்கவே இல்லை.

மறுபடியும் அந்தப் பெண்ணின் வயிற்றில் ஊசி. அவருடைய கணவர் என்னைப் பிடித்துக் கத்தினார். அக்கா நடுவில் வந்து நின்றார். "தப்பு எங்க மேலதாங்க. சாம்பிள் வந்தப்பவே கேட்டிருக்கணும்." அன்று அந்தச் சாம்பிளை வாங்கியது நான், கேட்காமல் விட்டதும் நான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது ரிசல்ட்டும் நார்மல். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதைத்தானேக்கா நானும் சொன்னேன்? பாவம், வீணா இன்னொரு ஊசி."

"அது அம்மாவோட நார்மல்டா. இதுதான் குழந்தையோடது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இன்றும் அது போகவில்லை.

அவர் இறந்த செய்தி வந்த அன்று என் முன்னால் இருந்த ரிப்போர்ட்டும் நார்மல்தான். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, காலையிலேயே சரிபார்த்த அம்மா ட்யூபை எடுத்து, பெயரையும் நம்பரையும் மறுபடி ஒப்பிட்டேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். இனி அதை நான்தான் கேட்க வேண்டும். பதிலும் நான்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா இருக்காங்கக்கா," என்றேன், சத்தமாகவே. லேப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.