எங்கள் தெருவின் வாக்குகள் எங்கே போயின?

எங்கள் ஊரில் யாரும் டீவியில் நடனப் போட்டி பார்ப்பதில்லை. சந்தேகம் என்றால் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "சீச்சீ, நாங்க செய்தி மட்டும்தான் பார்க்கிற" என்பார்கள்.

ஆனால் போன மாதம், அந்தப் பிரபலங்களின் நடனப் போட்டியின் இறுதிச் சுற்று முடிந்த மறுநாள் காலை, கல்முனைச் சந்தைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். போட்டியைப் பார்க்காத அத்தனை பேரும் அதன் முடிவைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சைக் கள்ள வேலை! கடைசி ஆட்டத்தில அவட கால் தடக்கினது. நடுவர்மார் கண்ணைப் பொத்திக்கிட்டா இருந்தாங்க?"

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்த? பொஞ்சாதி பார்க்கக்குள்ள அந்தப் பக்கம் போனன்."

"எத்தின தரம் போன?"

கடை முழுக்கச் சிரிப்பு. கேட்டவரும் அந்தப் பக்கம் போனவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் முன்னாள் கிரிக்கெட் வீரர். மற்றவர் ஒரு நாடக நடிகை. எங்கள் ஊர் மொத்தமும் கிரிக்கெட் வீரரின் பக்கம். காரணம் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எப்போதோ ஒரு தரம் சாய்ந்தமருதில் ஒரு கடையைத் திறந்து வைக்க வந்தாராம். அது ஒன்று. இன்னொன்று, அவர் அவ்வளவாக ஆடுவதில்லை... கையைக் காலை மெல்ல அசைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதில் பெரிய பாவம் இல்லை என்று எங்கள் தெருப் பெண்கள் தங்களுக்குள்ளே ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தார்கள்.

வென்றதோ நடிகை.

ஆகவே மோசடி! ஒருவர் விளம்பரக் கம்பனியைச் சொன்னார். ஒருவர் கொழும்பைச் சொன்னார். ஒருவர் எதையும் சொல்லாமல் மேலே பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றச்சாட்டு.

எனக்கும் சந்தேகம்தான். நான் அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் என்று வந்தால் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக என்னைத்தான் எங்காவது ஒரு பாடசாலைக்கு அனுப்புவார்கள். வாக்குப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, அது வெறுமையானது என்று முகவர்கள் கண்ணால் கண்ட பிறகுதான் முத்திரை வைப்போம். ஆட்சேபனை இருந்தால் முடிவு அறிவிக்கும் முன்பே சொல்ல வேண்டும். இந்த நடனப் போட்டியில் யார் எதைக் கவிழ்த்துக் காட்டினார்கள்? எண்ணும் இடத்தில் யாருடைய முகவர் நின்றார்? ஒரு பெண் பளபளக்கிற உறையைக் கிழித்தாள், ஒரு பெயரைக் கத்தினாள், மேலிருந்து கடதாசித் துண்டுகள் கொட்டின. இதற்குப் பெயர் முடிவா?

நாடு முழுக்க நடந்த மோசடி என்றால் தேத்தண்ணியோடு மறந்துவிடலாம். என் பிரச்சினை வேறு. மோசடி என் வளவுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குத்தான் வீடு. என் மாமி தன்னுடைய வளவை இரண்டாக்கி, மூத்த மகள் ராஹிலாவுக்கு ஒன்று, இளைய மகள் ஜெஸ்மினுக்கு ஒன்று என்று வீடு கட்டிக் கொடுத்தார். நான் ராஹிலாவின் வீட்டுக்கு வந்தவன். நவாஸ் ஜெஸ்மினின் வீட்டுக்கு வந்தவர். நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு சின்னக் கதவு. அதன் தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருக்கிறது. அது இருப்பதையே நான் மறந்திருந்தேன், யாரும் போட்டதில்லை.

இறுதிச் சுற்று முடிந்த கையோடு ராஹிலா அதைப் போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். ராஹிலா எங்கள் தெருப் பெண்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார். எல்லோரும் கிரிக்கெட் வீரருக்கே எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. ஜெஸ்மின் மட்டும் இடையில் ஒரு தரம், "அந்தப் புள்ளட சாரி வடிவுதான்" என்று நடிகையைப் பற்றி எழுதிவிட்டாள். அன்றே அவள் கண்காணிப்புக்கு உட்பட்டவளாகிவிட்டாள்.

இறுதி நாளில் இருவரும் ஆடி முடித்தார்கள். "இப்போது வாக்களியுங்கள்" என்று திரையில் இலக்கம் வந்தது. எங்கள் வரவேற்பறையில் அயல் பெண்கள் எல்லோரும் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தச் சின்னக் கதவால் ஜெஸ்மின் ஓடி வந்தாள்.

"ராத்தா, மினக்கெட வேணா. அவதான் வென்ற!"

"இன்னும் வோட்டே முடியல்ல புள்ள. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கொழும்பில, தெகிவளையில இரிக்கிற என்ட கூட்டாளி இப்பதான் மெசேஜ் போட்டிரிக்கா."

சற்று நேரத்தில் உறை கிழிந்தது. நடிகையின் பெயர். வரவேற்பறையில் இருந்த எல்லாத் தலைகளும் ஜெஸ்மின் பக்கம் திரும்பின.

முடிவு வருவதற்கு முன்பே முடிவு தெரிந்த ஒருத்தி! ஜெஸ்மின் அதைக் கொழும்பின் மோசடிக்கு ஆதாரம் என்றாள். ராஹிலா அதை ஜெஸ்மினின் மோசடிக்கு ஆதாரம் என்றார்.

"முதலே தெரிஞ்சிக்கிட்டு எங்கள எல்லாம் மடையராக்கின. நீ யாருக்கு வோட்டுப் போட்ட எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"ராத்தா, வாயை அளந்து கதைங்க!"

கதவு. தாழ்ப்பாள்.

இதெல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்கிறீர்களா? ஆறுவதற்கு நாள் இருக்கவில்லை. அந்த வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜெஸ்மினின் மகள் ஹனாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. மாமி மௌத்தான பிறகு உம்மாவின் இடத்தில் நின்று வரவேற்க வேண்டியவர் ராஹிலாதான். பெரியம்மா இல்லாத வீட்டில் வந்தவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "மூத்தவ எங்க?" சண்டை என்று மூக்கில் பட்டால் போதும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "செல்லி அனுப்புறம்" என்று எழும்பிப் போவார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

ஹனாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல் இருந்தோம்.

ராஹிலா அசையவில்லை. "அவ செஞ்சத ஒத்துக்கொள்ளட்டும். மறுகா பார்ப்பம்" என்றார். எனக்கும் ஒரு வேலை தந்தார். டீவிக்காரர்களுக்கு மனு எழுத வேண்டும். எழுதினேன். 'விடயம்' போட்டு, கீழே கோடு இழுத்து, பந்தி பந்தியாக. வாக்களித்த எவருக்கும் பதில் மெசேஜ்கூட வரவில்லை என்பதை அழுத்திச் சொன்னேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் அனுப்பாத திணைக்களத்தை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

புதன்கிழமை காலை அதைத் தபாலில் போடப் போகிற வழியில் மறுபடியும் தேத்தண்ணிக் கடை. கொதிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. மருதமுனையில் இருந்து சாரன் கொண்டுவந்து கடைகளுக்குப் போடுகிற ஒருவர் அன்று இருந்தார்.

"எங்கட ஊடும் மையித்து உழுந்த ஊடு மாதிரித்தான்" என்றார். "நான் இஷா தொழுதிட்டு வாறன், பொஞ்சாதி அழுதுக்கிட்டு இரிக்கா. என்ன புள்ள எண்டு கேட்டா, அவன் தோத்திட்டானாம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இஷா தொழுதிட்டு வரக்குள்ளயா?"

"ஓம் காக்கா. எல்லாம் முடிஞ்சி, கடதாசியும் கொட்டி முடிஞ்சி."

நானும் அன்று பள்ளிவாசலுக்குப் போய், இரவுத் தொழுகையான அந்த இஷாவைத் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் வரும்போது கிரிக்கெட் வீரர் கடைசி ஆட்டத்துக்கு அப்போதுதான் மேடை ஏறினார்.

ஒரே போட்டி. ஒரே நேரடி ஒளிபரப்பு. மருதமுனையில் முடிந்துவிட்டது, எங்கள் தெருவில் கடைசி ஆட்டமே இன்னும் தொடங்கவில்லை!

மனு சட்டைப் பையிலேயே இருந்தது. நான் நேராக நவாஸைத் தேடிப் போனேன்.

என் சகலன் நவாஸ் என்ன தொழில் செய்கிறார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் கொடுப்பவர் அவர்தான். இணைப்புத் தொடங்கிய காலத்தில் பள்ளி நம்பிக்கையாளர் சபைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தொழுகைக்கு அஸான் சொன்னால் நிகழ்ச்சிகளை நிறுத்திவிடுவார். திரையில் மக்காவின் படம் வரும். தொழுகை முடிந்ததும் திரும்பப் போடுவார். நாடகம் பார்க்கிற பெண்கள் நடுவில் போன பகுதியை ஒருவருக்கொருவர் ஊகித்துச் சொல்லிக்கொள்வார்கள். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

மொட்டை மாடியில் டிஷ் அன்டெனாக்களுக்குக் கீழே அவருடைய சின்ன அறை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"நவாஸ், அண்டைக்கு இஷாவுக்கு நிப்பாட்டின நீங்கதானே?"

"ஓம் காக்கா. எப்பவும் போல."

"எப்பவும் போல இல்லையே. எப்பவும் நடுவில கொஞ்சம் போயிரும். அண்டைக்கு ஒண்டும் போகல்ல."

நவாஸ் ஒரு வயரைப் பிடுங்கினார். பிறகு அதையே திரும்பச் செருகினார்.

"காக்கா... அஸான் சொல்லக்குள்ள அந்தாள் கடைசி ஆட்டத்துக்கு உடுத்திக்கிட்டு நிக்கிறார். வெட்டினா பொம்பளைகள் என்னைக் கொல்லுவாங்க. வெட்டாட்டி பள்ளி என்னைக் கொல்லும். அதான், மெஷினில பதியப் போட்டிட்டு, தொழுதிட்டு வந்து உட்ட இடத்திலரிந்து ஓட உட்டன்."

"நேரடி ஒளிபரப்பை?"

"எல்லாரும் சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் காக்கா."

"அப்ப எங்கட வோட்டெல்லாம்?"

அவர் தலையைக் குனிந்தார். "அத நான் நினைக்கவே இல்ல. நானும் வோட்டுப் போட்டன் காக்கா."

ஒரு தெரு முழுவதும், மூடி முத்திரை வைத்து எண்ணியும் முடித்த பெட்டிக்கு முன்னால் நின்று ஒழுங்காக வாக்களித்திருக்கிறது. கேபிள்காரர் உட்பட.

கோபிக்க எனக்கு என்ன தகுதி? நேரடி ஒளிபரப்பு ஒன்று, நான் மேலதிகச் சுன்னத்தும் தொழுது, செருப்பைத் தேடி, நாலு பேரோடு கதைத்துவிட்டு வரும்வரை எனக்காகக் காத்திருந்தது. நடுவர்களையும் சந்தேகித்தேன், உறையையும் சந்தேகித்தேன். எனக்கு வசதியாக நடந்த அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்கவில்லை. வாக்கெடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன்!

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஜெஸ்மினுக்குச் செல்லுங்க" என்றேன். "இல்லாட்டி நான் ராஹிலாக்கிட்ட செல்லுவன்."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ட லைன் எல்லாத்தையும் வெட்டிருவாங்க காக்கா."

"ஊட்டுக்குத் தெரியாட்டி உங்கட மகள்ற கலியாணம் வெட்டுப்படும்."

நவாஸ் அறையைப் பூட்டிக்கொண்டு என்னோடு கீழே இறங்கினார்.

வியாழன் பின்நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு சத்தம் கேட்டது. அது ஜெஸ்மினுடையது. இரண்டாவதாகக் கேட்டது ஒரு பாத்திரத்தினுடையது. பிறகு எங்கள் கதவில் தட்டல்.

"ராத்தா! தாழ்ப்பாளைத் திறங்க. கள்ளன் என்ட ஊட்டுக்குள்ளதான் இரிக்கான்!"

ராஹிலா என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய்த் திறந்தார். வாசலில் நின்றபடியே ஜெஸ்மின் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தெகிவளைக் கூட்டாளி உண்மையான முடிவைத்தான் அனுப்பியிருந்தாள். பொய்யாக இருந்தது எங்கள் தெருவின் நேரம் மட்டுமே.

ராஹிலா கதவை முழுக்கத் திறந்துவிட்டார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டு, "தேங்காய் இரிக்கா? வட்டிலப்பத்துக்கு இப்பவே துருவினாத்தான் சரி" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் வீட்டில் உள்ள நடைமுறை அதுதான். இருவரும் உள்ளே போனார்கள்.

நான் மூச்சு விட்டது கேட்டிருக்க வேண்டும். குசினியில் இருந்து ராஹிலாவின் குரல் வந்தது. "இஞ்ச... நீங்களும் தொழுதிட்டு வந்து பார்த்த ஆள்தானே? உட்ட இடத்திலரிந்து ஓடினதக் கண்டும் ஏன் வாய் திறக்கல்ல? சகலன்மார் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலையா?"

இந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

வெள்ளி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ராஹிலா வாசல்வரை போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஹனாவைப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. வட்டிலப்பம் வந்தது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் உம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்கதானே கேபிள் குடுக்கிற?" என்று கதவோரம் நின்ற நவாஸைக் கேட்டார். "எங்களுக்கும் உங்கட லைன்தான். ஒண்டு கேக்கணும் எண்டு இருந்தன். அந்த டான்ஸ் ஃபைனலுக்கு எங்கட ஊட்டில எல்லாரும் சேர்ந்து வோட்டுப் போட்டம். அந்த வோட்டெல்லாம் எங்க போச்சு?"

நவாஸின் முகத்தில் மக்காவின் படம் விழுந்தது. அசைவே இல்லை.

நான் தொண்டையைச் செருமினேன். உண்மையைப் பதிவு செய்வது என் தொழில். ராஹிலாவின் கண் என் மேல் பட்டது. செருமலோடு நிறுத்திக்கொண்டேன்.

"எல்லாம் கொழும்பில செஞ்ச வேலை" என்றாள் ஜெஸ்மின், இமைக்காமல்.

"ஓம் ராத்தா. ரிசல்ட்டு வர முதலே அங்க ரிசல்ட்டுத் தெரியுமாமே" என்றார் ராஹிலா. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள்.

"நான் அப்பவே நினைச்சன்" என்று மாப்பிள்ளையின் உம்மா கரண்டியை எடுத்தார். "கள்ளக் கூட்டம்."

நவாஸ் தலையை ஆட்டினார். எல்லோரையும்விட அதிகமாக.

போன வாரம் நிக்காஹ் முடிந்தது. மனு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் உம்மா பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்று நவாஸ் சத்தியம் செய்கிறார். அவர் செய்யும் சத்தியங்களை நான் இப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். ஆகவே, ஒருவேளை படித்துக்கொண்டிருந்தால்...

சம்மந்தி ராத்தா, முடிவு அறிவித்த பிறகு எந்த ஆட்சேபனையும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது!