இழுக்கச் சொன்னது நான்தான்

முதலில் ஒரு மன்னிப்பு. கைட் சர்ஃபிங் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பத்தாவது வரை படித்தவன். வாராவாரம் இங்கே கப்பல் டிக்கெட், மழை, மீன் என்று ஏதோ எழுதுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடலில் ஓடுகிற விளையாட்டு அது. எங்கள் கரையில் அதைக் கற்றுக்கொடுப்பவள் செல்வி. கராச்சர்மா ஊர்ப் பெண். காற்று அடித்துக்கொண்டு போகிறவர்களை டோங்கியில், அதாவது சின்ன மோட்டார் படகில், போய் ஏற்றி வருவது என் வேலை.

போன வாரம் மின்னி பே பகுதியிலிருந்து ஒரு பேங்க் மேடம் வந்தார். காற்றுக்கு எதிராக ஏறி வரும் பாடத்தைச் செல்வி நடத்தினாள்.

"பட்டத்தைப் பக்கவாட்டுல, பாதி உயரத்துல நிறுத்துங்க. ஆட்டாதீங்க. கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்க. குதிகாலை அழுத்தி, பலகையோட ஓரத்தால தண்ணிய வெட்டுங்க."

தளர்த்துவதா? எதிர்க்காற்றிலா? நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணே, இது உங்க டோங்கி இல்ல... முறுக்கினா போறதுக்கு!" என்றாள் செல்வி. மேடமும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

கொஞ்ச நேரத்தில் மேடம் பாறைப் பக்கம் ஒதுங்கினார். செல்வி கரையில், தூரத்தில். பக்கத்தில் டோங்கியில் நான். வாயை மூடிக்கொண்டு போய் ஏற்றியிருக்கலாம்...

"கீஞ்சோ மேடம், கீஞ்சோ! நல்லா இழுங்க!"

கைப்பிடியை இழுத்தார். பட்டம் துவண்டு பின்னால் சரிந்தது. பிறகு மறுபடி காற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. மேடம் பாறையில். முழங்காலெல்லாம் ரத்தம்.

இந்த விளையாட்டுப் பள்ளியின் ஓனர் ஓடி வந்தார். "இழுக்கச் சொன்னாங்க" என்றார் மேடம், வலியில். யார் என்று சொல்லவில்லை.

"இதானா நீ சொல்லிக்கொடுக்கற லட்சணம்? இன்னியோட போதும். நாளைக்கு வேற ஆள் பாக்கறேன்" என்றார் ஓனர், செல்வியிடம்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கும். "அண்ணே..." என்றாள். அவ்வளவுதான். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் நங்கூரக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தேன் — ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த கயிறு.

அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே நடக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

என்னைக் கூச்சக்காரன் என்பார்கள். தெரியாத விஷயத்தைக் கடல் நடுவில் கத்தும்போது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? நம்மில் பலருக்கு அது சரியான நேரம் பார்த்துத்தான் வருகிறது, இல்லையா?

மறுநாள் காலை ஓனரிடம் போய்ச் சொன்னேன். செல்வியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தாள். என்னிடம் பேசவில்லை.