ஆத்துக்கு நடுவுல எஸ்தாக்கியார்

முத்துவெள்ளைன்னு ஒரு பொடி, நாடக வேசத்துக்குப் பூசறது... தேங்கா எண்ணெயில கொழைச்சி மூஞ்சில பூசுனா சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். எங்க அப்பா மேல அந்த வாசம் அடிச்சா ஊர்ல திருவிழான்னு அர்த்தம்.

மொரப்பூர் பக்கம் எங்க ஊரு. கோயில் திருவிழாவுல சாயங்காலப் பூசை முடிஞ்ச கையோட எஸ்தாக்கியார் கதைய நாடகமா போடுவாங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ரோமாபுரியில பெரிய சேனாதிபதி அவரு. வேட்டைக்குப் போன எடத்துல ஒரு மான் கொம்புக்கு நடுவுல சிலுவை தெரியுது. குடும்பத்தோட கிறிஸ்தவரா மாறிடறாரு. அதுக்கப்புறம் எல்லாமே போகுது... பதவி, சொத்து. கப்பக்காரன் அவரு பொண்டாட்டிய புடிச்சி வச்சிக்கறான். ரெண்டு புள்ளைங்களோட ஒரு ஆத்தத் தாண்டறாரு. ஒருத்தன அக்கரையில வுட்டுட்டு இன்னொருத்தன கூட்டிட்டு வரத் திரும்பறப்ப, அந்தப் பக்கம் சிங்கம் ஒருத்தன தூக்குது, இந்தப் பக்கம் ஓநாய் இன்னொருத்தன தூக்குது. நடு ஆத்துல தனியா நிக்கறாரு மனுசன். வருசக்கணக்கா எங்கயோ காட்டு வேலை செஞ்சி பொழைச்சி, புள்ளைங்களயும் யாரோ காப்பாத்தி வளத்திருக்க, கடைசியில எல்லாரும் ஒன்னு சேருவாங்க.

அந்த வருசம் எஸ்தாக்கியாரு எங்க அப்பா. புள்ளைங்க நானும் என் தம்பியும். இன்னொரு பையன் வேசத்துக்கு ஆளு கெடைக்கலன்னு, பொட்டப்புள்ள என் முடிய கழுத்து வரைக்கும் வெட்டிட்டாங்க. அம்மா இருந்திருந்தா கோயில் வாசல்லயே சண்டைக்கு நின்னிருப்பாங்க...

அம்மா அப்ப குவைத்துல வூட்டு வேலை. ஞாயித்துக்கெழம மளிகைக் கடை போனுக்குக் கூப்புடுவாங்க. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சப்புறம் அப்பா வாங்குவாரு. "ம்... ம்... நல்லாருக்கோம்." அவ்ளோதான் அவரு பேச்சு.

திடீர்னு ஒரு ஞாயித்துக்கெழம போன் வரல. அடுத்த வாரமும் வரல. அப்புறம் மாசக்கணக்கா ஒன்னுமே இல்ல. ஏஜென்ட்கிட்ட கேட்டா, "வேற வூட்டுக்கு மாத்திட்டாங்கன்னு நெனைக்கிறேன், விசாரிக்கிறேங்க"ன்னான்.

ஊருக்குள்ள வேற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. "அவ இனிமே எங்க வரப்போறா..."

அப்பா காதுல வுழாத மாதிரி போயிடுவாரு. எங்களுக்கு சோத்தப் போட்டுட்டு, வாசப்படியில எங்களுக்கு முதுகக் காட்டி ஒக்காந்துக்குவாரு.

நாடகம் அன்னிக்கி ரெண்டு பேரு ஆளுக்கொரு முனையில நீலப் பொடவையப் புடிச்சி ஆட்டுனாங்க. அதான் ஆறு. அப்பா நடுவுல நின்னாரு. ஓநாய் வேசம் பெரியசாமி மாமா. நம்ம கோயில் ஆளு இல்ல அவரு, பக்கத்துத் தெரு விவசாயி. ஆனா வருசா வருசம் ஓநாய் அவருதான்! கோணிச் சாக்க போத்திக்கிட்டு என்னயத் தூக்கிட்டாரு.

இப்ப அப்பா வசனம் சொல்லணும். "தெயோபிஸ்தா! உன்னையும் இழந்தேன், நம் மக்களையும் இழந்தேனே!" தெயோபிஸ்தாங்கறது எஸ்தாக்கியாரோட பொண்டாட்டி பேரு.

அப்பா வாயத் தொறந்தாரு. வசனம் வரல. திரைக்குப் பின்னாடி இருந்து கோயில் உபதேசியாரு அப்பா பேரச் சொல்லி மெதுவா எடுத்துக் குடுக்கறாரு... "சூசை, தெயோபிஸ்தா... தெயோபிஸ்தா..."

"ஆரோக்கியம்..."ன்னாரு அப்பா.

அது எங்க அம்மா பேரு.

"ஆரோக்கியம்... எங்கடி இருக்க? புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியலடி... ஒரு வார்த்த பேசிடுடி..."

ஆர்மோனியம் நின்னு போச்சி. பொடவையப் புடிச்சிருந்தவங்க ஆட்டறத நிறுத்திட்டாங்க. "எங்க வரப்போறா"ன்னு பேசுனவங்களும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க.

நான் அழ ஆரம்பிச்சிட்டேன். பெரியசாமி மாமா என்னய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு காதுல சொன்னாரு. "அழுவாத கண்ணு. கதையில எல்லாம் சேந்துருவாங்க. மாமா பாத்திருக்கேன்ல..."

அப்புறம் யாரோ ஆர்மோனியத்த அமுக்க, நாடகம் நடந்துச்சி. கடைசி சீன்ல லாரி ஓட்டற தாமஸ் அண்ணன்தான் பொண்டாட்டி வேசம். அப்பா அவரக் கட்டிப்புடிச்சவரு ரொம்ப நேரம் வுடவே இல்ல. தாமஸ் அண்ணனும் வெலக்கல. முதுகத் தட்டிக் குடுத்துட்டே நின்னாரு.

மறுநாள்ல இருந்து ஊர்ல யாரும் அம்மாவப் பத்தி தப்பாப் பேசல. சாயங்காலமானா யாராச்சும் ஒருத்தர் வந்து அப்பா பக்கத்துல ஒக்காந்துட்டுப் போவாங்க.

அடுத்த வருசம் அம்மா வந்துட்டாங்க. வேல செஞ்ச குடும்பம் வேற ஊருக்கு மாறிப்போயி, அம்மாவ வெளிய வுடாம, போனும் குடுக்காமலே வச்சிருந்திருக்காங்க. எளைச்சி, ஆளே அடையாளம் தெரியல. தம்பி கிட்டப் போக பயந்தான்.

ஒரு நாள் சாப்புடறப்ப அம்மா கேட்டாங்க. "மேடையில எம் பேரச் சொன்னீங்களாமே?"

"வசனம் மறந்து போச்சி. வாயில வந்தத சொன்னேன்."

அம்மா அவரு தட்டுல இன்னொரு களி உருண்டைய வச்சாங்க.

பெரியவளானப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டேன், எஸ்தாக்கியார் கதை அங்க முடியலன்னு. சேந்த குடும்பத்த ராஜா வெண்கலக் காளைக்குள்ள போட்டு நெருப்பு வச்சிட்டானாம். நாலு பேரும் ஒன்னா வேதசாட்சியா செத்தாங்க. எங்க ஊர்ல அத ஒரு வருசமும் போட்டதில்ல. சேந்ததோட மங்களம் பாடிடுவாங்க.

இப்ப நாடகமும் இல்ல. லைட் மியூசிக்தான்.

நான் இப்ப ஓசூர்ல இருக்கேன். வூட்டுக்காரரு கத்தார்ல. அம்மா காலம் மாதிரி இல்லங்க, தெனமும் வீடியோ கால். மூஞ்சி தெரியுது, மெஸ்ஸுல என்ன கொழம்புன்னு கூட தெரியுது. "எப்படி இருக்க?"ன்னு கேப்பாரு. "நல்லாருக்கேங்க"ம்பேன்.

அப்பார்ட்மென்ட்ல எதிர் வூட்டுக்காரங்க பேரு கூட இன்னும் தெரியாது. பாப்பாவுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு, அழுக வந்தா மிக்ஸியப் போட்டுட்டு அழுதுக்குவேன்.

அரைக்க ஒன்னும் இல்லாத அன்னிக்கும் சில நேரம் மிக்ஸி ஓடும்...