எப்போதும் நாலாவதாக வரும் அணி

ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில் காலை வரிசை நகரவே இல்லை. சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். எனக்கு மட்டும் அந்தக் கலை இன்னும் கைவரவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தேன். அப்போது முன்னால் நின்ற இளைஞன் குனிந்து, கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் தைலம் தேய்த்தான். வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. துக்கமெல்லாம் இல்லை, தைலம் அவ்வளவு காரம். ஆனால் அந்த நிமிடம் நான் சாவடியில் இல்லை. குளுவாங்கில் ஒரு தகரக் கூரை மண்டபத்துக்குள் இருந்தேன், சனிக்கிழமை மாலை, கூடைப்பந்து ஆட்டம் தொடங்கப்போகிறது.

நான் கூடைப்பந்து ஆடினவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் என்னை எந்த ஆட்டத்துக்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஜாதி நான். குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் அதே தெருவில் ஒரு லாரி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்லூரியை விட்டாலும் அதன் கூடைப்பந்து அணியை விட முடியவில்லை. படிக்கும்போது ஒரு நாள் மழைக்கு ஒதுங்கத்தான் அந்த மண்டபத்துக்குள் போனேன். மழை விட்டது, நான் வெளியே வரவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம்.

பெரிய அணியா என்று கேட்பீர்கள். இல்லை. மோசமான அணி என்றும் சொல்ல முடியாது. தென்பகுதிக் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டியில் எப்போதும் நாலாவதாக வருவார்கள். நாலாவதாக வருகிற அணியின் மேல் பிரியம் வைப்பதுபோல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை. கடைசியில் வருகிற அணி என்றால் மனம் ஆறிப்போகும். முதலில் வருகிற அணி என்றால் பெருமையாவது மிஞ்சும். நாலாவது அணியோ ஒவ்வொரு வாரமும் ஜெயித்துவிடும்போல இருந்து, பிறகு கடைசி நிமிடத்தில் தோற்றுத் தொலைக்கும்.

அணியில் ஏறக்குறைய எல்லோரும் சீனப் பையன்கள். ஊதா நிறச் சட்டை. அ ஹுவாட் என்று ஒரு நெட்டை இருந்தான். வளையத்தின் கீழே நின்று, மேலே போகிற எல்லாப் பந்தையும் பலாப்பழம் பறிப்பதுபோலப் பறிப்பான். பறித்ததைப் போடும்போதுதான் தவறும். பிரகாஷ் என்று ஒரே ஒரு தமிழ்ப் பையன். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு கொடுத்துக்கொண்டிருப்பான்.

மண்டபத்துக்கு ஒரு வாசம் உண்டு. தைலம், ரப்பர் காலணி, வெயிலில் காய்ந்த தகரம், வாசலில் பொரிக்கிற வாழைப்பழ வாசம். வாழைப்பழம் என்றாலே லாய் ஃபோங் ஞாபகம் வந்துவிடுகிறாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, ஆட்டத்துக்கு என் துணை, பொரித்த வாழைப்பழம் வாங்காமல் மண்டபத்துக்குள் நுழைய மாட்டாள். அவளுடைய அப்பா, தமிழர்கள் வேலை செய்த ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் அவளுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும்: போடு, ஓடு, ஐயோ. கூடைப்பந்துக்கு வேறென்ன வேண்டும்? அ ஹுவாட் கையில் பந்து போனதும் “போடு! போடு!” என்று கத்துவாள். தவறினதும் “ஐயோ!” என்று தலையில் கை வைப்பாள். நான் உட்காரவே மாட்டேன். எழுந்து நிற்பேன், படியிறங்குவேன், ஏறுவேன், சுவரோரம் போய்த் திரும்பி வருவேன். “டுடுக் லா!” உட்காரு, எனக்குத் தலை சுற்றுகிறது என்று மலாயில் பாதியும் கையைப் பிடித்து இழுத்து மீதியுமாகச் சொல்வாள்.

இந்த நடை யார் கண்ணிலோ பட்டு, எங்கள் ஊரான பாலோ வரைக்கும் போய்விட்டது. “உங்க மக சனிக்கிழமையானா காலேஜுல ஒரு பையனப் பாக்கப் போறா,” என்று கோயிலில் வைத்து யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் விஷயம் உண்மையென்றால் குளுவாங் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். உண்மையா என்று பார்த்து வரும் பொறுப்பு அப்பாவுக்கு.

அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வெளியே வருகிறேன், மண்டபத்துக்கு எதிரே அந்த நீளமான பஸ் நிற்கிறது. ஒளிந்து பார்க்க வந்தவர் தெருவை அடைத்துக்கொண்டு நிறுத்தியிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை.

“ஏறு,” என்றார்.

காலி பஸ்ஸில் அப்பா முன்னால், நான் அவருக்குப் பின்னிருக்கையில். குளுவாங்கைத் தாண்டி எண்ணெய்ப்பனைத் தோட்டம் வந்தது. அப்பா தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“யாரு?”

“யாரு யாருப்பா?”

“அந்தப் பையன்.”

“பையன்லாம் யாரும் இல்லப்பா.”

“பின்ன எதுக்கு எழும்பி எழும்பி நிக்கிற? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு எடத்துல உக்காரல நீ.”

“ஆட்டம் அப்படிப்பா.”

“பெஞ்சியில உக்காந்திருந்தானே, அந்தத் தமிழ்ப் பையனா?”

“பிரகாஷா? அவன்கிட்ட நான் பேசினதுகூட இல்ல.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். “அவன ஏன் எறக்கவே இல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வேலையே பறிபோகும்போல இருந்த நேரம். ஒரு பையனைக் காட்டியிருந்தால் திட்டுவார்கள், அழுவார்கள், ஆனால் நம்பியிருப்பார்கள். பையனே இல்லை, எனக்கு முழு அணியையும் பிடிக்கும் என்றால் எந்த வீட்டில் நம்புவார்கள்? குளுவாங் பஸ்ஸில் காலையில் ஏறும்போது வருகிற அந்தக் காற்று, முதலாம் தேதி கையில் வாங்கும் சம்பளம், லாய் ஃபோங்கின் வாயாடல், எல்லாம் போய்விடும் என்ற பயம்.

அடுத்த சனிக்கிழமையும் அப்பா வந்தார். காவலுக்குத்தான். இந்த முறை நேராக என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் யாரைப் பார்க்கிறேன் என்று கண்டுபிடிக்க, என் கண் போகிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் போனது. என் கண்ணோ பந்தின் பின்னாலேயே போனது. வேறு வழியில்லாமல் அவரும் பந்தைப் பார்த்தார். இப்படி நாலைந்து வாரம் போனது. ஒரு நாள் அ ஹுவாட் கைக்கெட்டின பந்தைத் தவறவிட்டபோது என் பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கேட்டது.

“அந்த நெட்டையன் கொஞ்சம் குனிஞ்சு போடக்கூடாதா?”

நானும் லாய் ஃபோங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முகத்தைக் காவல்காரர் மாதிரி மாற்றிக்கொண்டார்.

அந்த வருடம் என்ன மாயமோ, எங்கள் அணி இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. பத்து பகாட் என்ற ஊரில், ஒரு பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி வேன் உண்டு. பார்க்கப் போகிறவர்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை? முந்தின சனிக்கிழமை மண்டபத்து வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தோம். அப்பா பஸ் சாவியைக் கையில் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளியிடம் என்ன சொன்னாரோ, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் மண்டபத்து வாசலுக்கு வந்து நின்றது. ஆட்டக்காரர்களின் அம்மா அப்பாக்கள், வாழைப்பழம் பொரிக்கிற மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், கல்லூரி மாணவர்கள் சிலர், லாய் ஃபோங், நான். எல்லோரும் ஏறினோம்.

வழியில் ஆயர் ஈத்தாம் ஊரில் மாட்டிக்கொண்டோம். விடுமுறைக் கூட்டம். கார்கள் ஒன்றையொன்று முட்டாத குறை. பூச்சாடிக் கடைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன், ஏதோ அதனால் பஸ் நகரும் என்பதுபோல. பத்து பகாட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டது.

லாய் ஃபோங்கின் ஒன்றுவிட்ட தங்கை அந்த மண்டபத்தில் இருந்தாள். அவள் போனில் சீனத்தில் சொல்வாள். லாய் ஃபோங் அதை மலாயில் பஸ்ஸுக்குச் சொல்வாள். நான் முன்னால் ஓடிப்போய் அப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எண்ணிக்கை மாறியிருக்கும்.

“நாலு புள்ளி பின்னாடி இருக்கோம்ப்பா!”

பின்னாலிருந்து லாய் ஃபோங் மலாயில்: “இல்ல, இல்ல, ஏழு! ஐயோ!”

“ஏழாம்ப்பா!”

“நாலா ஏழா? ஒழுங்கா கேட்டுச் சொல்லு!” என்று அப்பா ஹாரனை ஓங்கி அழுத்தினார். முன்னால் நின்ற காருக்கு நாங்கள் தோற்றுக்கொண்டிருப்பது எப்படித் தெரியும், பாவம்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தார். அப்பா ஓட்டுவதால் நான்தான் எடுத்து அவர் காதோரம் பிடித்தேன். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டில் பதில் கேட்கிறார்களாம். இன்றைக்காவது தெரிந்ததா, அந்தப் பையன் யார்?

அப்பா முன்னால் இருந்த வாகன வரிசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “பையன் ஒருத்தனும் இல்ல. உன் மகளுக்குப் பைத்தியம். வேலைக்குப் போய்க்கிட்டே இருக்கட்டும். போன வை, இங்க ஏழு பின்னாடி இருக்கோம்.”

நான் போனை வைத்தேன். பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்குள் வரிசையும் நகர ஆரம்பித்தது.

கடைசிக் கால்பகுதிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். உள்ளூர் அணிக்குப் பேரிகை, விசில், கூட்டம். எங்கள் பக்கத்துப் படிகளில் ஓர் ஆள் இல்லை. லாய் ஃபோங்தான் முதலில் நுழைந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே “போடு!” என்றாள், பந்து யார் கையில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல். அ ஹுவாட் திரும்பிப் பார்த்தான். வியர்வை வழியும் முகத்தில் அவன் பல் தெரிந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததை முறையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் கத்தினோம். மக்சிக் கரண்டியால் படியைத் தட்டினார். கரண்டியை எதற்குக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் தவறுகள் அதிகமாகி வெளியே போக, பிரகாஷை இறக்கினார்கள். ஒன்பது புள்ளி பின்னாலிருந்தது ஆறாகி, மூன்றாகி, ஒன்றாகிவிட்டது. கடைசி நொடிகளில் பந்து பிரகாஷ் கையில். எதிரே ஆளே இல்லை. போட்டிருக்கலாம். அவன் பெஞ்சிலேயே இருந்து பழகினவன், யாருக்காவது கொடுத்துத்தான் பழக்கம். வளையத்தின் கீழே நின்ற அ ஹுவாட்டுக்குக் கொடுத்தான்.

அவன் போட்ட பந்து வளையத்தில் உட்கார்ந்து, யோசித்து, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

“ஏன்டா குடுத்த! நீயே போட வேண்டியதுதானடா!”

முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, முகம் சிவந்து, படியின் நுனியில் நின்றிருந்தார்.

திரும்பும்போது ஆட்டக்காரர்கள் வேனில் ஏற மறுத்து எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அ ஹுவாட் முன்படியில் உட்கார்ந்து முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அப்பா கியரை மாற்றியபடி, அவனைப் பார்க்காமலே மலாயில் சொன்னார்: “தா அபா லா. தாவுன் டெபான்.” பரவாயில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் என்று ஒன்று வரவில்லை. புதிய பருவத்தின் முதல் சனிக்கிழமை நானும் லாய் ஃபோங்கும் போனபோது மண்டபத்தில் பரீட்சை மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. வளையங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். காவலாளி எங்களை நன்றாகத் தெரிந்தவர். “டீம்? சுடா தா அடா,” என்றார் மலாயில். அணி இனிமேல் இல்லை. செலவு கட்டுப்படியாகவில்லையாம். ஆட்டக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், பயிற்சியாளருக்கும் சொல்லியிருக்கிறார்கள். ரசிகர்களுக்குத் தகவல் சொல்லும் வழக்கம் எங்கே இருக்கிறது? அன்று மாலை என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இருவரும் குளுவாங் தெருக்களைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

அந்த வரன் தானாகவே நின்றுபோனது. பிறகு வேறொருவருடன் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குப் பூப்பந்துதான் பிடிக்கும், மன்னித்துவிட்டேன். லாய் ஃபோங் பினாங்கில் இருக்கிறாள். கல்லூரியும் சில வருடங்களில் மூடப்பட்டது.

போன மாதம் அப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டக் குளுவாங்குக்குக் கூட்டிப்போனேன். இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறார். திரும்பும்போது அந்தத் தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். மண்டபம் அப்படியே இருந்தது, ஜன்னல்களை மட்டும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சூப்புக்கு நல்ல விலைபோகும் கூடுகளுக்காக உழவாரக் குருவி வளர்க்க யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். குருவிகள் வந்து கூடு கட்டவேண்டும் என்பதற்காக, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் பதிவுசெய்து நாள் முழுக்கப் போடுகிறார்கள்.

மருந்து விட்டதில் அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே வைத்துக் கேட்டார்.

“கூட்டம் நெறய போல,” என்றார். “ஆட்டம் இருக்கா இன்னிக்கி?”

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.