என் காட்டில் நான் வைத்த கஞ்சாச் செடிகள்

கஞ்சா வளர்த்தவள் நான். மொத்தம் பதினோரு செடி. அதில் ஒன்றுக்கு, நின்று கையைத் தூக்கினாலும் நுனி எட்டாது. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள். சாத்தட்டும். ஊருக்கே தெரிந்த சங்கதியை யாரிடமிருந்து மறைக்கிறாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குற்றமா என்றால் குற்றம்தான். வருத்தமா என்றால் ஒரு பொட்டு வருத்தமும் கிடையாது.

ஏரியூர்ப் பக்கம் மேட்டில் எங்கள் காடு. மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பி விதைக்கும் புன்செய்யை நாங்கள் காடு என்போம். மாமனார் போனபின் இரண்டு மகன்களும் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். எல்லைக்கல் நட்டார்கள், காகிதம் எழுதவில்லை. மேட்டில் இருந்த இரண்டு ஏக்கர் என் வீட்டுக்காரருக்கு வந்தது. கல்யாணமாகி ஆறாம் வருஷம் அவர் காய்ச்சலில் படுத்தார், நாலாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்றைக்கே, வந்த சனம் சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்னால், என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், பேச்சை எடுத்தார்.

"ஒத்தப் பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு உனக்கெதுக்கு காடு? பாகமே இன்னும் பிரிக்கல. உங்கப்பன் வூட்டுக்குப் போய்ச் சேரு."

அந்த வாரமே எல்லைக்கல் காணாமல் போனது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வருஷா வருஷம் எழுதும் அடங்கலில், என் இரண்டு ஏக்கருக்கு நேராக மூத்தாரின் பெயர் ஏறியது. அதை எழுதும் ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். "ஏர் ஓட்டறவன் பேருதாம்மா எழுத முடியும்" என்றார். எங்கள் குடும்பத்து ஏரும் மாடும் இருந்தது மூத்தாரிடம். என் காட்டுக்கு யாரும் ஏர் கொண்டுபோகக் கூடாது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை. காடு சும்மா கிடந்தால் அதையே காட்டிப் பட்டாவும் எழுதி வாங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, களைக்கொத்தால் குழி குழியாகக் கொத்தித் துவரை ஊன்றினேன். கை கொப்பளித்து உடைந்தது. ஊர் வேடிக்கை பார்த்தது.

அந்த ஆடியில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாட்டு வியாபாரி ஒருவர் என் காட்டோரம் நின்றார். கன்னடம் கலந்த தமிழ் அவருக்கு. மாட்டுக்கு வயிறு போனால் கஞ்சா இலையை அரைத்து உருட்டிக் கொடுக்கும் கைவைத்தியம் தெரிந்தவர். நான் கொத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார்.

"தாயி, இதுக்கு ஏரு வேண்டாம். குழி, எரு, செடிக்கு ஒரு கொடம் தண்ணி. துவரைக்குள்ள வெச்சா கண்ணுக்குத் தெரியாது. தை மாசம் நானே வந்து எடுத்துக்கறேன். ஒரு சோடி உழவு மாடு தர்றேன். வயசான சோடிதான், ஆனா ஓடும்."

உழவு மாடு என்றதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. பிடித்தால் ஜெயில் என்று தெரியாத வயசா எனக்கு? தெரிந்தே முடிச்சை வாங்கினேன். கையில் ஏர் இல்லாத ஒரே குற்றத்துக்காக என் காட்டை இன்னொருத்தன் பெயரில் எழுதலாம் என்றால், அந்தச் சட்டத்துக்கு நான் மட்டும் எதற்குப் பயப்பட வேண்டும்?

வடகிழக்கு மூலையில் பழைய எருக்குழி ஒன்று மூடிக் கிடந்தது. அங்கேதான் அதிகம் வைத்தேன். ஓடையிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து ஊற்றினேன். ஐப்பசி மழை பிடித்ததும் செடிகள் கிறுக்குப் பிடித்த மாதிரி வளர்ந்தன. அடித்தண்டு என் மணிக்கட்டு தடிமன். துவரைக்கு மேலே தலை தெரிய ஆரம்பித்ததும், கற்றாழை நாரில் கல்லைக் கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டு அகலத்தில் படரவிட்டேன். அதையும் மீறி மூலையில் இருந்த ஒன்று மட்டும் நிமிர்ந்துகொண்டே போனது. என்ன செய்தும் அடங்காத அந்தச் செடி மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கார்த்திகையில் வியாபாரி ஒரு தடவை வந்து பார்த்தார். "ஆண் செடிய எல்லாம் புடுங்கி எறிஞ்சிரு தாயி. அது நின்னா பொட்டச் செடி வெறும் வெதையா போயிரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் போனபின் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மனுஷர் என்ன தப்பாகச் சொன்னோம் என்று முழித்தார். பிடுங்கினேன். மிச்சம் நின்றவைதான் அந்தப் பதினோரு பெண் செடிகள்.

மார்கழியில் வாசம் ஊருக்குள் போனது. தெரியாமலா இருக்கும்? யாரும் வாய் திறக்கவில்லை. யாராவது வந்து கேட்டால் சொல்வதற்கு நானும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "எருவுல வந்த களைங்க, தானா மொளச்சது" என்பதுதான் அது.

அந்தப் பதிலை நானே கெடுத்தேன். பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளை வெளேரென்று பூளைப்பூ, மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் கட்டுத்தறியிலும் செருகிவிட்டு, காட்டில் வடகிழக்கு மூலையில் ஒரு குச்சி நட்டு அதிலும் கட்ட வேண்டும். பயிரைத் தீங்கு அண்டாது. கொத்தோடு போனேன். குச்சி கொண்டுபோக மறந்திருந்தேன். எதிரே அந்த அடங்காத செடி நின்றது. குச்சியைவிட நன்றாகத்தானே நிற்கிறது என்று அதன் தண்டிலேயே கட்டி, கும்பிட்டுவிட்டு வந்தேன். கை பழக்கத்தில் செய்தது, மண்டைக்கு எட்டவே இல்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில் மதுவிலக்கு போலீஸ் ஜீப் வந்தது. கூட மணியக்காரர், கணக்குப்பிள்ளை. வழி காட்டி முன்னால் நடந்தவர் மூத்தார். போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். நான் ஜெயிலுக்குப் போனால் காடு தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"களைங்க, தானா மொளச்சது" என்று ஆரம்பித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் சேலம் பக்கத்து ஆள். துவரையை விலக்கி உள்ளே போனவர் மூலையில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, களைக்கு எவளாச்சும் காப்புக் கட்டுவாளா?"

வாடிப்போன பூளைப்பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள்கூடச் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "காடு யாருது?" என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை அடங்கலை விரித்தார். விரல் போன இடத்தில் மூத்தாரின் பெயர் இருந்தது.

அந்த நிமிஷத்தில் மூத்தார் முகத்தில் ரத்தமே இல்லை. "உன் பேர்ல இருக்கற காட்டுல கஞ்சா வெச்சுட்டு எங்களையே கூட்டியாந்து காட்டறியா?" என்று போலீஸ் அவர் பக்கம் திரும்பியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். 'காடு அவருதுங்க, எனக்கொண்ணும் தெரியாது' என்று சொன்னால் ஜீப்பில் ஏறுவது அவர்தான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் காடு அவருடையது என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். அவர் ஜெயிலிலிருந்து திரும்பி வருவார், என் காடு திரும்பி வராது.

"செடி நான் வெச்சதுங்க. காப்பு நான் கட்டுனதுங்க. காடு என் காடு" என்றேன்.

மூத்தார் தாவி வந்தார். "ஆமாங்கய்யா! அது அவ பாகம். எங்கப்பன் காலத்துக்கப்புறம் பிரிச்சு, என் தம்பிக்கு வுட்டது. எனக்கும் இந்தக் காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க!"

"அதை எழுதுங்க" என்றேன்.

எங்கே, எதைப் பிடித்தோம் என்று சாட்சி வைத்து எழுதும் மகஜரை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். பாகத்தில் வந்தது என்று எழுதவில்லை, எழுத வைத்தேன். நாலு எல்லையும் இல்லை, அதையும் சொல்லி எழுத வைத்தேன். "ஜெயிலுக்குப் போறவ எல்லை எதுக்கும்மா கேக்கறே?" என்று சப்-இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மூத்தார் சாட்சிக் கையெழுத்தைக் கேட்காமலே போட்டார். மணியக்காரரும் போட்டார்.

பதினோரு செடியையும் வெட்டினார்கள். கொத்துக் கொத்தாகப் பூ வைத்த கிளைகள் தரையில் சாய்ந்தன. ஆறு மாசக் குடம், ஒரு ஜோடி உழவு மாடு, எல்லாம் வண்டியில் ஏறிப் போனது. ஜீப்பில் உட்கார்ந்து அழுதேன். மாட்டுக்காக அழுதேன், மானத்துக்காக இல்லை.

தர்மபுரி கோர்ட்டில் நீதிபதி கேட்டதும் ஒப்புக்கொண்டேன். கோர்ட் கலையும்வரை காவல், அதோடு அபராதம். தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் எல்லாரும் போனபின் குமாஸ்தாவிடம் போய்த் தீர்ப்புக்கும் மகஜருக்கும் நகல் கேட்டேன். குற்றம் செய்தவள் நகல் கேட்டு அவர் பார்த்ததில்லை போலும். மூன்று நாள் அலையவிட்டுத்தான் கொடுத்தார்.

அடுத்த மாசம் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசில் போய் நின்றேன். மூத்தார் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பாகமே பிரிக்கவில்லை என்று பழைய பாட்டைப் பாடினார். தாசில்தார் என்னிடம், "உங்கிட்ட என்னம்மா ஆதாரம் இருக்கு?" என்றார். நகல்களை நீட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இது நீ குத்தம் பண்ணுனதுக்கான காகிதமாச்சே?"

"ஆமாங்க. குத்தம் யாரு காட்டுல நடந்துச்சுன்னும் அதுல எழுதியிருக்குதுங்க. கீழ யாரு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு சத்தமா படிங்க."